கிளினிக்கில் நூற்றுப் பத்து எடுத்தவர்

"சேவையர், உங்களுக்கு எவ்வளவு?"

"நூற்றுப் பத்து."

"எனக்கு நூற்றுப் பதினெட்டு..." கேட்டவரின் முகம் தொங்கிப்போயிற்று.

சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்த நாளில் பாடசாலை வாசலில் நடந்த உரையாடல் அல்ல இது. சில மாதங்களுக்கு முன், ஒரு நீரிழிவுக் கிளினிக்கின் நீண்ட மர வாங்கில் வரிசையாக இருந்தபடி நடந்தது. கேட்டவர் மரியதாஸ் அண்ணை – குருநகரில் பிறந்து, பாதி ஆயுளைக் கடலில் கழித்து, இப்போது கரையில் இருந்து மகன்மாருக்குப் புத்தி சொல்கிறவர். பதில் சொன்னவர் என் கணவர். மாதம் ஒருமுறை உடுவிலில் இருந்து என்னையும் ஒரு தண்ணீர்ப் போத்தலையும் அழைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்.

இந்தப் பத்தியை நெடுநாளாக வாசிக்கிறவர்களுக்கு இவரைத் தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி. இவர் அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வேயர் என்பது ஊர்வாயில் சேவையர் ஆகி, பென்ஷன் எடுத்த பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டு வளவுக்காரர்களுக்கு நடுவே சங்கிலி பிடித்து நின்ற மனிதர் என்றால் யோசித்துப் பாருங்கள்... வலிகாமத்தில் பாதிப் பேர் இவரைக் கண்டால் கும்பிடுவார்கள். மற்றப் பாதிப் பேர் கதைக்க மாட்டார்கள். அளவு என்று வந்துவிட்டால் அரை அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஒரே ஓர் அளவில் மட்டும் தாராளமாக நடந்துகொண்டார். அது தன்னுடைய இரத்தத்தில் இருந்த சீனியின் அளவு.

அந்த நூற்றுப் பத்து எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கிளினிக்குக்கு நான்கு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டு அடுப்பின் போக்கு மாறும். இரவுச் சாப்பாடு நிற்கும். காலையில் பாவற்காய்ச் சாறு. பத்து மணிக்கு வெந்தயத் தண்ணீர். மாதம் முழுவதும் தகரப் பேணிக்குள் நித்திரை கொண்ட மாத்திரைகள் நேரம் தவறாமல் வெளியே வரும். இன்சுலின் ஊசி ஒரு வேளைகூடத் தப்பாது. மாலையில் மருதனார்மடம் வரை நடை, திரும்பி வந்து வளவைச் சுற்றி இன்னொரு நடை. பனங்கட்டி இருந்த போத்தலைத் தானே எடுத்து என் கையில் தந்து, "உதை எங்கையாவது ஒளிச்சு வையும்" என்பார்.

கந்தசஷ்டி என்று நினைத்துவிடாதீர்கள். முருகனுக்குக்கூட இவர் இப்படி விரதம் பிடித்ததில்லை.

கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டுவார். இரத்தம் எடுத்து முடிந்ததும் நேராகக் கன்டீன். இரண்டு உளுந்து வடை, ஒரு பணிஸ், சீனி போட்ட தேத்தண்ணி. பாரணை முடிந்தது. அடுத்த கிளினிக்குக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது... எதற்கு அவசரம்?

இவர் மட்டும் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். அந்த வாங்கில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான். புத்தூரில் இருந்து வரும் ஒரு தோட்டக்காரர் மூன்று நாள் குரக்கன் கஞ்சியோடு கிடப்பாராம். ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர் கறிவேப்பிலையை அரைத்து உருட்டி விழுங்குகிறார். மரியதாஸ் அண்ணை தவக்காலத்தில் கிளினிக் வந்தால் நல்லது என்கிறார் – ஒரே விரதம் இரண்டு இடத்துக்கும் கணக்காகுமாம். கடைசி நாலு நாளில் படித்துப் பாஸ் பண்ணுவது எப்படி என்று இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஒருவருக்கொருவர் புள்ளி கேட்பார்கள். குறைந்த இலக்கம் எடுத்தவர் முதுகை நிமிர்த்தி இருப்பார். கூடிய இலக்கம் எடுத்தவருக்கு உடனே யாராவது ஓர் இலையைச் சொல்லிக்கொடுப்பார்கள்.

முன்பு அங்கே இருந்த டொக்டர் நல்ல மனிதர். இலக்கத்தைப் பார்ப்பார். குறைவாக இருந்தால் "வெரி குட் ஐயா" என்பார். கூடுதலாக இருந்தால் ஏசுவார். அறுபது வயதுக்கு மேல் ஏச்சு வாங்க யாருக்குத்தான் விருப்பம்? அவரையும் குறை சொல்ல முடியாது. வாங்கு நிறைய ஆட்கள், வாசலுக்கு வெளியிலும் ஆட்கள். ஓர் ஆளுக்கு ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூடக் கிடையாது. அதற்குள் ஒரு மனிதனின் முழு மாதத்தையும் எப்படி விசாரிப்பது? ஆகவே அவர் இலக்கத்தை விசாரித்தார். இலக்கம் ஒழுங்காகப் பதில் சொல்லியது.

நல்ல புள்ளிகளின் பலனாக இவருடைய இன்சுலின் இரண்டு முறை குறைக்கப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் கனடாவில் இருக்கும் மகளுக்கு அழைப்பு எடுத்தார். "எனக்குக் குறைச்சுப்போட்டினம் பிள்ளை." பதவி உயர்வு வந்தபோதுகூடக் குரலில் அந்தப் பெருமிதம் இருக்கவில்லை.

நான் சும்மாவா இருந்தேன் என்று கேட்கிறீர்களா? சும்மா இருக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, டொக்டரை ஏமாத்தி என்னத்தைக் காணப் போறியள்?"

"ஆர் ஏமாத்தினது? அது என்ரை இரத்தம்தானே. அடுத்த வீட்டுக்காரன்ரையே?"

 வேலிச் சண்டைகளைத் தீர்த்தவரிடம் வாதாடி வெல்வது கடினம்.

பிறகு புது டொக்டர் வந்தார். எங்கள் மகளைவிடச் சின்னவர். வந்த முதல் நாளே ஒரு பெரிய பிழை செய்தார்... நூற்றுப் பத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்டவில்லை.

"ஐயா, கிழமையிலை எத்தினை நாள் மருந்து மறந்து போறது?"

கேள்வியைக் கவனித்தீர்களா? 'மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா' என்றுதான் எல்லா டொக்டர்களும் கேட்பார்கள். அதற்கு எங்கள் எல்லோரிடமும் 'ஓம் டொக்டர்' என்ற பதில் தயாராக இருக்கும். இந்தப் பிள்ளையோ, மறப்பது உலக வழக்கம், நாட்களின் எண்ணிக்கைதான் தனக்கு வேண்டும் என்பதுபோலக் கேட்டார். இவர் 'ஓம்' என்று வாயைத் திறந்து, அது பொருந்தாது என்று கண்டு, தடுமாறி, "ரண்டு... மூண்டு நாள் இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் காட்டிக்கொடுத்ததுபோல.

டொக்டர் முகம் சுளிக்கவில்லை. "நல்லது ஐயா. மூண்டு மாசத்தின்ரை சராசரியைக் காட்டுற இரத்தப் பரிசோதனை ஒண்டு இருக்கு. சாப்பிட்டிட்டுக் குடுத்தாலும் ஒண்டுதான், சாப்பிடாமல் குடுத்தாலும் ஒண்டுதான். அதைச் செய்துகொண்டு அடுத்த முறை வாங்கோ."

ஓட்டோவில் வரும்போது இவர் கொதித்துக்கொண்டு வந்தார்.

"உது அநியாயம். மூண்டு மாசத்துக்கு முந்திச் சாப்பிட்டது ஆருக்கு ஞாபகம் இருக்கும்?"

"இரத்தத்துக்கு இருக்குமாம்" என்றேன்.

அடுத்த முறை சராசரியோடு போனோம். அந்த இலக்கத்தை இங்கே எழுத மாட்டேன், இவர் இந்தப் பத்தியை வாசிக்கிறவர். டொக்டர் அதைப் பார்த்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார் என்பது போதும். இவர் தலையைக் குனிந்துகொண்டு ஏச்சுக்குக் காத்திருந்தார். ஏச்சு வரவில்லை.

"செருப்பைக் கழட்டுங்கோ ஐயா. மேஸையும்."

அன்றைக்கு இவர் காலில் மேஸ் என்கிற காலுறை போட்டுத்தான் வந்திருந்தார். கொளுத்துகிற வெயிலில் செருப்புக்குள் மேஸ் எதற்கு என்று காலையிலேயே கேட்டேன். பித்தவெடிப்புக்கு எண்ணெய் பூசியிருப்பதாகச் சொன்னார். ஓர் ஆண்பிள்ளை தன் காலுக்குத் தானே எண்ணெய் பூசுகிறாரே என்று நான் மெச்சிக்கொண்டேன்.

கழற்றினார். வலது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில், மஞ்சள் அப்பியிருந்தது. டொக்டர் மஞ்சளை மெல்லத் துடைத்து எடுத்தார். உள்ளே இருந்ததை எழுதினால் நீங்கள் காலைச் சாப்பாட்டைத் தள்ளிவைப்பீர்கள். மணம் எனக்கு இரண்டு அடி தள்ளி வந்தது.

வேலி அடைக்க வந்த ஆட்களுக்கு எல்லைக் கோட்டைக் காட்டப் போன இடத்தில், வெறுங்காலில் பனையின் கறுக்குமட்டை கிழித்திருக்கிறது. நோகவில்லை. சீனி வருத்தம் நெடுநாள் இருந்தால் கால் மரத்துப்போகும், நெருப்பை மிதித்தாலும் தெரியாது என்று டொக்டர் பிறகு விளக்கினார். இவர் விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. நோகாதது புண் இல்லை என்று தானே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"எத்தினை நாளா இருக்கு?"

"ஒரு மாசத்துக்கு மேலை இருக்கும்."

"அப்ப போன முறை வரேக்கையும் இருந்திருக்கு. ஏன் ஐயா காட்டேல்லை?"

இவர் கழற்றிய மேஸைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, நேர்மையாகவே சொன்னார்.

"நூற்றுப் பத்தையும் காட்டிப்போட்டுப் புண்ணையும் காட்டினால் நல்லா இராது பிள்ளை."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு மனிதர் என்னிடமிருந்து தன் காலை ஒளித்து வைத்திருக்கிறார். அந்த அறைக்குள்ளேயே பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது. 

டொக்டர் தன் கதிரையை இவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். வெளியே வரிசை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஐயா, நான் உங்களை ஏசப் போறேல்லை. நானும் சோதினை எழுதி எழுதித்தான் இந்தக் கதிரைக்கு வந்தனான். கடைசி நாலு நாளிலை என்ன செய்யலாம் எண்டு எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் நாலு நாளைக்கு ஒரு உடம்பைச் செய்துகொண்டு வந்து எங்களுக்குக் காட்டியிருக்கிறியள். நாங்களும் அந்த உடம்புக்கு அளவா மருந்தைக் குறைச்சு எழுதியிருக்கிறம். மிச்ச நாள் எல்லாம் நீங்கள் கொண்டு திரியிற உடம்புக்கு ஒருத்தரும் மருந்து எழுதேல்லை."

டொக்டர் வெளியே வாங்கு இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"இந்த வாங்கிலை இருக்கிற எல்லாரும் கெட்டிக்காரர் ஐயா. மேல்மாடியிலை சத்திரசிகிச்சை வாட்டுக்குப் போய்ப் பாத்தால், அதே ஆக்கள்தான் கால் இல்லாமல் படுத்திருக்கினம்."

சக்கர நாற்காலியில் வைத்து அந்த வாட்டுக்குத்தான் இவரைக் கொண்டுபோனார்கள். வாங்கைக் கடந்துதான் போக வேண்டும். மரியதாஸ் அண்ணை வழக்கம்போல எட்டிப் பார்த்தார்.

"சேவையர், எவ்வளவு?"

"விரல் ஒண்டு போகுமாம்."

 நான் நாற்காலிக்குப் பின்னால் நடந்தபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மரியதாஸ் அண்ணை செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கித் தொடையில் வைத்து, உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்படியே வாங்கின் அந்தம் வரை எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விரல் போயிற்று. கால் மிஞ்சியது. ஆனால் அது மிஞ்சி நிற்பது இரத்தத்தில் உள்ள சீனியின் கையில்தான் இருக்கிறது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லிவிட்டார். சீனி இறங்கினால் காயம் மூடும். இறங்காவிட்டால் அடுத்த வெட்டு இன்னும் மேலே. எவ்வளவு மேலே என்று நான் கேட்கவில்லை. அவர் கையால் காட்டினார்.

வாட்டில் இருந்த நாட்களில் எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வருத்தம் என்ன? காய்ச்சல் வரும், போகும். அம்மாள் வருத்தம் வரும், தலைக்குத் தண்ணீர் வார்த்தால் முடிந்தது. கட்டி வந்தால் வெட்டி எறிவார்கள். வருத்தத்துக்கு வர வாசலும் உண்டு, போகப் படலையும் உண்டு. வந்து, கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எங்களோடு சேர்ந்து பென்ஷனும் எடுக்கிற வருத்தத்தை எங்களுக்கு நடத்தத் தெரியாது.

டொக்டர்களுக்கும் இது பெரிய சந்தோஷமான வேலையாக இருக்க முடியாது. கட்டியை வெட்டியவருக்கு வீடு தேடி மாம்பழக் கூடை போகும். சீனிக்கு மருந்து எழுதுகிறவருக்கு என்ன போகும்? அடுத்த மாதமும் நாங்கள்தான் போவோம். 'சுகம் வந்துவிட்டது டொக்டர், இனி வர மாட்டேன்' என்று ஒரு நாளும் ஒருவரும் அவரிடம் சொல்லப்போவதில்லை. ஒரே ஆளை, ஒரே புத்திமதியோடு, ஒவ்வொரு மாதமும், முகம் கோணாமல் பார்க்க வேண்டும். முடிவே இல்லாத ஒன்றை ஒவ்வொரு நாளும் பொறுமையாகக் கொண்டு இழுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கலியாணம் நடந்து நாற்பது வருடம் ஆகிறது.

வாட்டுக்குப் பார்க்க வந்த கிளினிக் டொக்டரிடம் இவரே கேட்டுவிட்டார்.

"பிள்ளை, உது எப்ப முடியும்?"

"இதிலை பாஸ் பண்ணிப்போட்டு வெளியிலை போறது எண்டு ஒண்டு இல்லை ஐயா. அடுத்த மாசமும் நடந்து வாறதுதான்."

டொக்டர் போன பிறகு இவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் படுத்திருந்தார். "அப்ப என்னத்துக்குப் படிக்கிறது" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

மரியதாஸ் அண்ணை ஒரு நாள் பார்க்க வந்தார். கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு, பாவசங்கீர்த்தனம் செய்கிற குரலில் சொன்னார்.

"சேவையர், நான் இந்த முறை முதல் நாளிரவு புட்டும் மீன்குழம்பும் வடிவாச் சாப்பிட்டிட்டுத்தான் இரத்தம் குடுத்தனான். முந்நூற்று நாப்பது."

"டொக்டர் என்ன சொன்னவா?"

"நன்றி எண்டு சொன்னவா."



வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சீனி பார்க்கும் சின்ன மிஷின் ஒன்றை வாங்கச் சொன்னார். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு விரலில் குத்திப் பார்த்து, வருகிற இலக்கத்தைத் தனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் இன்சுலினைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்வாராம். "என்ன இலக்கம் எண்டாலும் ஏச மாட்டன் ஐயா. ஆனால் மெய்யான இலக்கம் வேணும். உங்கடை கால் அதிலைதான் நிக்குது."

முதல் இரண்டு நாளும் இலக்கம் மோசம். இவர் அதை அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டொக்டர் ஏசவில்லை. இன்சுலினைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம். நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கிறேன். ஊன்றுகோலோடு மெல்ல வந்து பின்னால் நின்றார்.

"இஞ்சாரும்... உம்மடை விரலை ஒருக்காத் தாரும்."

தாலி கட்டிய அன்றுகூட என் கையை இவ்வளவு பணிவாகக் கேட்டவர் அல்ல.

"என்னத்துக்கு?"

"ஒரு துளி இரத்தம்தான். அந்தப் பிள்ளையும் பாவம். ஒவ்வொரு நாளும் முந்நூறு, முந்நூறு எண்டு பாத்தால் அதுக்கும் மனம் சலிச்சுப்போகும். இண்டைக்கு ஒரு நாளைக்கு நல்லதா ஒண்டு அனுப்புவம்."

புரிகிறதா உங்களுக்கு? பரீட்சை மண்டபத்தில் இதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர். பிடிபட்டால் பல வருடங்களுக்குப் பரீட்சை எழுத விட மாட்டார்கள். ஒரு விரலைக் கொடுத்துவிட்டு வந்த மனிதர், டொக்டருக்கு மனம் நோகக்கூடாது என்று மற்ற விரல்களையும் பணயம் வைக்க ஆயத்தமாக நிற்கிறார். இந்தத் தாட்சண்யத்தை எங்கே போய்ச் சொல்வது?

எனக்கு அழுகை வந்தது. அழாமல் கையைத் துடைத்துக்கொண்டு மேசையில் போய் இருந்தேன்.

"சரி, குத்துங்கோ. முதல் என்ரை, பேந்து உங்கடை. ரண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. அப்பவாவது உங்களுக்குப் புத்தி வரட்டும்."

குத்தினார். மிஷின் யோசித்தது. இலக்கம் வந்தது.

இருநூற்று எழுபத்திரண்டு.

"மிஷின் பழுது" என்றார் இவர். மற்றக் கையில் இன்னொரு விரலைக் குத்தினார். இருநூற்று அறுபத்தெட்டு. தன் விரலைக் குத்திப் பார்த்தார். இருநூற்று முப்பது. மிஷினில் பழுது இல்லை.

என்னைவிட நல்ல புள்ளி எடுத்துவிட்டு, இவர் சந்தோஷப்படாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை வருடம் அந்தக் கிளினிக்குக்குப் போயிருக்கிறேன். இவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள், இவருடைய கையைக் குத்தினார்கள், இவருடைய காலைப் பார்த்தார்கள். கூடப் போகிற ஆளின் கையை யாரும் குத்துவதில்லை. குத்தச் சொல்லி நானும் கேட்கவில்லை. தாகம் எடுத்தது, வெயில் என்றேன். இரவில் இரண்டு முறை எழும்ப வேண்டி வந்தது, வயது என்றேன். எழுத்து மங்கியது, கண்ணாடி பழசு என்றேன். இவரை ஏசுவதற்கே எனக்கு நேரம் போதாதபோது என்னை நானே எப்போது பார்ப்பது?

அதோடு இன்னொன்று. மாதா மாதம் நான்கு நாள் இவர் தள்ளிவைத்த புட்டையும், ஒளித்து வைக்கச் சொன்ன பனங்கட்டியையும் யார் சாப்பிட்டது என்று நினைக்கிறீர்கள்? வீசவா முடியும்?

இவர் போனை எடுத்தார். இரண்டு இலக்கங்களையும் அனுப்பினார். எழுத்துக்கூட்டி எழுதியதை எனக்கும் காட்டினார்: 'இது என்ரை. மற்றது மனிசியின்ரை. இரண்டும் மெய்.'

கொஞ்ச நேரத்தில் டொக்டரே அழைப்பு எடுத்தார்.

"அம்மா, வாற புதன்கிழமை நீங்களும் வாங்கோ. கூட வாற ஆளா இல்லை."

அன்றிலிருந்து இவர் என்னிடம் ஒரு பொய் இலக்கமும் கேட்கவில்லை. காயத்துக்கு மருந்து கட்டுகிற நேர்ஸ், விளிம்பு சிவந்து வருகிறது, நல்ல சதை பிடிக்கிறது என்றார். முழுதாக மூட இன்னும் நாள் எடுக்குமாம். எங்கள் வீட்டில் இப்போது அந்தக் காலைப் பற்றித்தான் பேச்சு. மழை வருமா, பஸ் ஓடுமா என்று கேட்பதுபோல ஒவ்வொரு நாள் விடியவும் நான் அதைக் கேட்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை. விடிந்தால் என்னுடைய முதல் கிளினிக். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் வைத்து, இவருக்கு அளவாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் சும்மா இருந்தேன்.

"உமக்கு?"

"எனக்குப் பசியில்லை" என்றேன்.

நம்புங்கள், நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. மேலே இவ்வளவையும் எழுதியவள் நான்தான். ஆனால் நாக்கு என்னைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது. முதல் தடவை போகிறோம், எடுத்த எடுப்பிலேயே கூடிய இலக்கத்தோடு போய் அந்தப் பிள்ளைக்கு முன்னால் எப்படி நிற்பது என்று உள்ளே எங்கோ ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது.

இவர் என்னைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலை எதிர்க் கதிரையில் நீட்டி வைத்திருந்தார். எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே எட்டி ஒரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து, இடியப்பத்தை வைத்து, சொதியை ஊற்றி, என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு இரத்தம் எடுக்கிறதெல்லே..." என்றேன்.

"அதுக்குத்தான் சொல்லுறன். சாப்பிடும். இந்த வீட்டிலை ஒரு விரல் போனதே போதும்."

சாப்பிட்டேன்.